கரவதியிலிருந்து கடல் கடந்த காளை

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. ஆநிரை கவர்தலையும் அதனை மீட்டலையும் போர்த்துறைகளாக வகுத்துப் போற்றிய இனம் நம்மினம். நாம் வாழும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தொழுவம் கட்ட இடமில்லை. ஒரு சிறு அறையில் ஒரு குடும்பம் காலம் தள்ளுவதே அரிதாக இருக்கிறது. ஆயினும் தை இரண்டாம் நாளில் நம் வீட்டுத் தாய்மார் வாயிலில் கோலமிட்டு, அதன் நடுவே காளையின் முகம் வரைந்து குங்குமம் வைப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். மாட்டை விட்டு நாம் வந்துவிட்டோம். மாடு நம்மை விட்டுப் போகவில்லை.

இவ்வாண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். அரசர் வரலாறும் புலவர் வரலாறும் எழுத அறிஞர் பலர் உளர். பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, இருபது ஆண்டுகளாகப் பதிவேடு எழுதியே விரல் தேய்ந்த யாம் எதனை எழுத வல்லோம் எனச் சிந்தித்தோம். எமக்குத் தெரிந்தது பதிவேடு ஒன்றே. ஆகவே மாடுகளைப் பற்றிய ஒரு பதிவேட்டின் வரலாற்றையே ஈண்டு எழுத முற்படுகிறோம். இதனை எழுதாதவர் இழந்தது எது, எழுதியவர் பெற்றது எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அலுவல் நிமித்தம் விசயவாடா சென்று, அங்கிருந்து சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தோம். உடன் வந்த தெலுங்கு நண்பர், ஓங்கோல் வருவதற்குச் சற்று முன்னர் ஒரு சிறு நிலையத்தைச் சுட்டிக் காட்டி, "இவ்வூரின் பெயரைப் பிரேசில் தேசத்தில் அறியாத மாட்டுப் பண்ணைக்காரர் இல்லை" என்றார். பலகையில் கரவதி என்றிருந்தது. எமது வண்டி அங்கே நிற்கவுமில்லை. நண்பர் நகையாடுகிறார் என்றே முதலில் எண்ணினோம். பின்னர் ஆராய்ந்தபோது அவர் கூறியதில் பெரும்பகுதி உண்மையே எனக் கண்டு வியந்தோம்.

ஓங்கோல் இனம்

குண்டலக்கம்மா, மூசி என்னும் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலமே ஓங்கோல் மாட்டின் தாயகம். அந்நாளில் அது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. 1904-இல் குண்டூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரையில் ஓங்கோல் தாலுகா நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனால் அயல்நாட்டார் இம்மாட்டை நெல்லூர் மாடு என்றே அழைத்தனர். இன்றளவும் பிரேசில் நாட்டில் அதன் பெயர் நெலோரே என்பதேயாகும். ஊரை மறந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

வெண்ணிறம், ஓங்கிய திமில், தொங்கும் அலைதாடி, குறுகிய தடித்த கொம்பு, தளர்ந்த தோல், அகன்ற உடல், அமைந்த நடை ஆகிய இவை ஓங்கோல் மாட்டின் இலக்கணம். வளர்ந்த காளை அரை டன்னுக்கும் மிகையாக நிறை காட்டும். கரிசல் நிலத்தை ஆழ உழுவதற்கும் பாரவண்டி இழுப்பதற்கும் அதனினும் சிறந்த எருது இல்லை என உழவர் கொண்டாடினர். பசுவும் ஓரளவு பால் தரும். சோளத்தட்டையும், தவிடும், பருத்திக்கொட்டையும், அந்நாட்டில் பிள்ளிபெசரா எனப்படும் பயற்றினப் பசுந்தீவனமும் அதன் உணவு.

இத்தகைய மாட்டை உருவாக்கியவர் யார்? எந்தக் கல்லூரியும் அன்று. எந்த ஆய்வுக்கூடமும் அன்று. அப்பகுதி உழவர்களே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து எடுத்து வளர்த்த செல்வம் அது. இறந்த பெரியவர் நினைவாக ஒரு காளைக் கன்றைத் தெய்வத்துக்கு என விடுவது அவர்தம் வழக்கம். அக்கன்றைத் தெரிந்தெடுப்பது எளிய காரியமன்று. ஊர்ப் பெரியோரும் மாடறிந்தோரும் கூடி, தாயின் பால்வளம் எப்படி, தந்தைக் காளையின் நடை எப்படி, கன்றின் எலும்பும் தோலும் குளம்பும் எப்படி என்று ஒவ்வொன்றாக நோக்கி முடிவு கூறுவர். குறையுடைய கன்றைத் தெய்வத்துக்கு விடுதல் இறந்தவருக்கு இழுக்கு. இவ்வாறு விடப்பட்ட காளை ஊரார் வயலில் தடையின்றி மேய்ந்து, ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் சினையூட்டும். சமயச் சடங்காகத் தோன்றும் இவ்வழக்கமே அம்மாட்டினத்தைச் செம்மைப்படுத்திய கருவியாயிற்று. கால்நடை நூலார் பலரும் இதனை வியந்து குறித்துள்ளனர்.

ஆயின் ஒரு குறை இருந்தது. இன்ன காளை இன்ன பசுவுக்குப் பிறந்தது, அதன் பாட்டன் இன்னது என்னும் செய்தியெல்லாம் உழவரின் நினைவிலேயே இருந்தது. தாளில் ஏறவில்லை. ஒரு கிழவர் மறைந்தால் ஒரு மந்தையின் வம்சாவளியும் அவருடன் மறைந்தது. இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

கடல் கடந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டுப் பண்ணையாளர் பெரும் இடுக்கண் ஒன்றில் இருந்தனர். ஐரோப்பாவிலிருந்து அவர் கொண்டுவந்த மாடுகள் அந்நாட்டு வெம்மையைத் தாங்கவில்லை. உண்ணி கடித்து நோயுற்றன. முரட்டுப் புல்லை மென்று உடல் தேற்றும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இந்நிலையில் திமில் மாடுகள் சில கப்பல் வழியே அந்நாட்டை அடைந்தன. 1868-இல் ஓங்கோல் மாடுகள் இரண்டு பாகியா மாகாணத்துச் சால்வடார் துறைமுகத்தில் இறங்கின என்பர். 1878-இல் லெம்குரூபர் என்னும் பிரேசில் பண்ணையாளர், செருமானிய நாட்டு ஹாம்பர்க் நகரின் விலங்குக் காட்சியில் இந்திய மாடுகளைக் கண்டு, அவற்றின் எடுப்பில் மயங்கி, தம் நாட்டுக்கு வரவழைத்தார். நம் நாட்டு ஏர் மாடு வேடிக்கைப் பொருளாக நிற்கக் கண்டு அதன் மதிப்பை உணர்ந்தவர் அவர்.

வெம்மைக்கு அஞ்சாமை, உண்ணிக்கு இடந்தராத தோல், மட்டமான புல்லிலும் உடல் வைக்கும் இயல்பு ஆகிய மூன்றும் பிரேசில் பண்ணையாளரின் உள்ளத்தைக் கவர்ந்தன. அதன் பின்னர் அவர்தம் முகவர்கள் இந்தியாவுக்கு நேரே வரலாயினர். ஓங்கோல் மாடன்றியும், கத்தியவாரின் கிர் மாடும், குசராத்தின் காங்கிரெஜ் மாடும் கப்பலேறின. ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் இந்தியாவிலிருந்து பிரேசில் சென்ற மாடுகளின் தொகை ஏழாயிரத்தை எட்டவில்லை என்பர். ஒரு பெரிய சந்தையில் ஒரே வாரத்தில் கூடும் மாடுகளினும் இது குறைவு.

வட அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. 1906-இல் டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணை மேலாளர் போர்டன் என்பார் இந்தியாவுக்கு நேரில் வந்து 51 மாடுகளை வாங்கிச் சென்றார். நியூயார்க் துறைமுகத்தருகே நோய்த் தனிமையில் வைக்கப்பட்டபோது நோய் கண்டவை நீக்கப்பட்டு, 33 மாடுகளே டெக்சாசை அடைந்தன. 1854 முதல் 1926 வரை அந்நாட்டுக்குச் சென்ற இந்திய மாடுகள் முந்நூறுக்கும் குறைவே. அவற்றின் வழிவந்த இனத்துக்குப் பிராமன் எனப் பெயரிட்டு, 1924-இல் அதற்கெனச் சங்கமும் கண்டனர். அவ்வினம் பின்னர் ஆத்திரேலியாவின் வெப்பப் பகுதிகளிலும் பரவியது.

நன்மையோடு தீமையும் கப்பலேறியது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் வழியில் பெல்சிய நாட்டு ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கவே, வெக்கை நோய் ஐரோப்பாவில் பரவிற்று. நம் ஊர்களில் மந்தை மந்தையாக மாடுகளை வாரிக்கொண்டு போன கொடிய நோய் அது. அடுத்த ஆண்டிலேயே பிரேசிலிலும் அந்நோய் தோன்ற, இந்திய மாடுகளின் வரவுக்கு அந்நாட்டரசு தடை விதித்தது. இப்பேரிடரே உலக நாடுகளை ஒன்றுகூட்டி, 1924-இல் பாரிசு நகரில் கால்நடை நோய்களுக்கான பன்னாட்டு அலுவலகம் தோன்றக் காரணமாயிற்று. எந்த மாடு எங்கிருந்து புறப்பட்டது, எங்கே தங்கியது, எந்த நோய்க்குச் சோதிக்கப்பட்டது என்பதை எழுதி வைக்காவிடில் விளையும் கேட்டை உலகம் அப்போதுதான் உணர்ந்தது. வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்தது என 2011-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

பதிவேட்டின் பெருமை

பிரேசில் நாட்டின் உட்பகுதியில் உபெராபா என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பண்ணையாளர் சங்கம் 1938-இல் ஒரு காரியம் செய்தது. திமில் மாடுகளுக்கென ஒரு பதிவேடு திறந்தது. கன்று பிறந்த நாள், அதன் தாய், தந்தை, உடலில் இட்ட எண், வளர்ந்த வகை ஆகிய அனைத்தும் அதில் ஏறின. எழுதப்படாத மாட்டை உயரிய இனமென்று கூறி விற்க இயலாது. அச்சங்கமே 1967-இல் பிரேசில் திமில் மாட்டு வளர்ப்போர் சங்கமாக மலர்ந்து, இன்றும் அப்பதிவேட்டை நடத்தி வருகிறது.

பதிவேடு எழுதுவோர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும். எமது அலுவலகத்தில் ஒரு பார்சலுக்கு எண்ணும் சீட்டும் உள்ளவரை அது எத்தனை நிலையம் மாறினாலும் உரியவரிடம் சேரும். சீட்டு கிழிந்து எண் அழிந்துவிட்டால், உள்ளே பொன்னே இருப்பினும் உரியவர் அறியப்படாத சரக்காகி ஏலத்துக்குப் போகும். மாட்டுக்கும் அஃதே முறை. எண் உள்ள காளையின் கன்றுகள் எவ்வாறு வளர்ந்தன என்பதைப் பத்தாண்டு கழித்தும் ஏட்டைப் புரட்டிக் கணக்கிடலாம். விரைந்து எடை கூடும் கன்றுகளை ஈன்றது எந்தக் காளை, எந்தப் பசு ஆண்டு தவறாது ஈன்றது என்று அறிந்து, நல்லதை வைத்துக்கொண்டு அல்லதைக் கழிக்கலாம். உறைந்த விந்தைப் பாதுகாக்கும் முறை வந்தபின் ஒரு காளையின் வித்து ஆயிரக்கணக்கான பசுக்களை அடையலாயிற்று. அப்போது தந்தையின் பெயர் ஏட்டில் இருத்தல் இன்னும் இன்றியமையாததாயிற்று. மாட்டிறைச்சித் தொழில் அந்நாட்டில் புதுமை பெற்றது இவ்வாறே. முதலில் வந்தது நம் உழவர் ஆக்கிய மாடு. அடுத்து வந்தது அவர்தம் ஏடு. இயந்திரங்கள் அவற்றின் பின்னரே வந்தன.

இனிக் கரவதிக்கு வருவோம். அவ்வூரில் போலவரபு செஞ்சுராமையா என்னும் உழவர் வாழ்ந்தார். ஓங்கோல் மாடு வளர்ப்பதையே தம் வாழ்வாகக் கொண்டவர். 1960-க்கும் 1962-க்கும் இடையே பிரேசில் பண்ணையாளர் சிலர் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகத் திரிந்து மாடு தேடினர். அவருள் ஒருவர் தோரெஸ் ஓமெம் ரொட்ரிகஸ் த குன்யா என்பார். செஞ்சுராமையாவின் தொழுவத்துக் காளை ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது கடல் கடந்தது. இந்தியாவிலிருந்து பிரேசில் சென்ற கடைசிப் பெருந்தொகுதியில் அதுவும் ஒன்று. அட்லாண்டிக் கடலில் உள்ள பெர்னாண்டோ டி நொரோன்யா என்னும் தீவில் அம்மாடுகள் நோய்த் தனிமையில் வைக்கப்பட்டு, குறையற்றவை எனத் தெளிந்த பின்னரே பிரேசில் மண்ணை மிதித்தன.

புதியவர் அக்காளைக்கு இட்ட பெயர் யாது? கரவதி! பிறந்த ஊரின் பெயரையே பதிவேட்டில் எழுதினர். உடன் சென்ற காளைகளுக்குக் கோதாவரி என்றும் தாஜ்மகால் என்றும் பெயர் வைத்தனர். அன்று எழுதிய அப்பெயர்களை இன்றைய நெலோரே மாடுகளின் வம்சாவளி ஏடுகளில் மீண்டும் மீண்டும் காணலாம். அக்காளை மாண்டு பல்லாண்டு ஆகியும் கரவதி என்னும் சிற்றூர், உலகின் மறுகோடியில் உள்ள பண்ணைக் கணக்கப்பிள்ளையின் மேசைமீது இருக்கிறது. நெருப்பைக் கையில் எடுத்துச் செல்ல இயலாது. விளக்கில் ஏற்றினால் எங்கும் கொண்டு செல்லலாம். ஏடு அத்தகைய விளக்கு.

இன்று பிரேசில் நாட்டில் 20 கோடிக்கு மேற்பட்ட மாடுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி நம் நாட்டுத் திமில் மாட்டின் இரத்தம் உடையவை. அவற்றுள்ளும் நெலோரே இனமே மிகுதி. மாட்டிறைச்சி ஏற்றுமதியில் உலகின் முதலிடம் பெற்ற நாடாக அது விளங்குகிறது. ஏழாயிரத்தை எட்டாத மாடுகளிலிருந்து இத்துணைப் பெருக்கம் நிகழ்ந்தது என்றால், கூறுவோர்க்கே நம்புதல் அரிது. இவ்வளர்ச்சியில் குறையே இல்லை என்று யாம் கூறவில்லை. மேய்ச்சல் நிலம் வேண்டி அமேசான் பெருங்காடு அழிக்கப்படுவதும் இதன் மறுபுறமேயாகும். அந்தப் பழி மாட்டைச் சாராது. மனிதனின் பேராசையைச் சாரும்.

தாயகத்தின் நிலை

கன்று கடல் கடந்து பெருகியது. தாய் எப்படி இருக்கிறாள்? உழவுக்கு டிராக்டர் வந்தது. பாரம் சுமக்க லாரி வந்தது. பால் பெருக்க அயலின விந்து வந்தது. எருதின் தேவை குறையவே ஓங்கோல் மாடும் குறைந்தது. சிறந்த காளைகள் நல்ல விலைக்கு வெளியூர் போயின. கோயில் காளை விடும் வழக்கமும் தேய்ந்தது. குண்டூரை அடுத்த லாம் பண்ணையிலும் நெல்லூர் மாவட்டத்துச் சிந்தலதேவிப் பண்ணையிலும் அரசினர் அவ்வினத்தைக் காத்து வருகின்றனர். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த மாட்டைப் பண்ணைக்குச் சென்று பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நம் நாட்டில் பதிவேடே இல்லை என்று கூறுவது பிழையாகும். 1941-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் சில சிறந்த இனங்களுக்கு மத்திய மந்தைப் பதிவேடுகளைத் தொடங்கினர். ஓங்கோல் இனமும் அவற்றுள் ஒன்று. ஆயினும் அரசுப் பண்ணையின் மாடு ஏட்டில் ஏறிய அளவுக்கு, ஏழை உழவனின் தொழுவத்து மாடு ஏறவில்லை. உபெராபாவில் ஏடு திறந்தவர் வளர்ப்போரே. ஆகையால் அதனை விடாது எழுதியவரும் வளர்ப்போரே. பிறர் வந்து எழுதட்டும் எனக் காத்திருந்த இடத்தில் ஏடு நிரம்பவில்லை. இரண்டு நாட்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நம் தமிழ்நாட்டுக் காங்கேயம் மாட்டின் வரலாறும் இதற்கு இனமானதே. பிறக்கும்போது செந்நிறமாகத் தோன்றி, சில திங்களில் சாம்பல் நிறம் பெறும் அழகிய மாடு அது. கிளுவை வேலியிட்ட கொரங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்வது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தெரிவு முறையில் பெரிய மந்தை ஒன்றை வளர்த்து அவ்வினத்துக்குப் புகழ் சேர்த்தனர். சென்னை மாகாணத்துக் கால்நடை அதிகாரியாயிருந்த லிட்டில்வுட் 1936-இல் வெளியிட்ட நூலில் காங்கேயம் இனம் விரிவாகப் பேசப்படுகிறது. எழுதப்பட்டதனால் அதன் அந்நாளைய இலக்கணம் இன்று நமக்குத் தெரிகிறது. எழுதப்படாமலே அழிந்த நாட்டு மாட்டு வகைகள் எத்தனையோ! 2017 தைத் திங்களில் ஏறுதழுவலுக்காகச் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டபோது, நாட்டு மாடு என்னும் சொல் நகரத்தார் நாவிலும் ஏறியது. அவ்வார்வம் ஏட்டிலும் ஏறுமாயின் பயன் உண்டு.

ஈண்டு ஒன்று கூறுதல் கடமை. மாட்டிறைச்சித் தொழில் என்றவுடன் முகம் சுளிப்போர் உண்டு. நம் கேம்ப்பில் அதனை உண்போரும் உளர்; உண்ணாதோரும் உளர். மகாராட்டிரத்தில் 2015 முதல் காளையையும் எருதையும் அறுத்தல் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. சட்டத்தின் வழக்கை இம்மலரில் பேசப் புகவில்லை. ஆயினும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி நின்ற நம் முன்னோர் பலரை, அத்தொழில் காரணமாகவே இழிவாகப் பேசிய காலம் இருந்தது. மாட்டை வளர்த்தவனும், அதன் தோலைப் பதனிட்டவனும், அதன் இறைச்சியை உண்டவனும் ஒருவருக்கொருவர் தாழ்ந்தவரல்லர். பெருநாடுகள் பெருமையோடு நடத்தும் தொழிலின் தொடக்கம் இத்தகைய கைகளில்தான் உள்ளது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

நம் பதிவேடு எங்கே?

இனி எமது இல்லத்துச் செய்தி ஒன்று. எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையின் ஒரு சிற்றூரிலிருந்து இங்கு வந்து தோல் பட்டறையில் வேலை செய்தவர். அவர் எந்த ஆண்டு வந்தார் என எம் தந்தையாரைக் கேட்டால், "யுத்த காலம்" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. எம் பாட்டியார் உயிரோடு இருந்த காலத்து ஒருநாள், பேச்சுவாக்கில், "ஹார்பரில் கப்பல் வெடிச்ச மறுவருசம் உங்க தாத்தா வந்தாரு" என்றார். பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது 1944 ஏப்ரல் 14. ஆகவே எம் பாட்டனார் வந்தது 1945. கிழவியின் ஒரு வாக்கியம் இல்லையேல் எம் குடும்பத்தின் முதல் தேதியே எமக்கு இல்லை. அவ்வாக்கியத்தையும் யாம் அன்றே எழுதி வைக்கவில்லை. நினைவில் நின்றது நற்பேறு.

நம் லேபர் கேம்ப், பெயருக்கேற்ப உழைப்பாளருக்கெனப் போர்க்காலத்தில் எழுந்த குடியிருப்பு. இங்கு முதலில் குடியேறியவர் யார், எந்த ஊரினர், எந்த வேலைக்கு வந்தனர், குழாயடி எப்போது வந்தது, முதல் தமிழ் வகுப்பு எவர் வீட்டுத் திண்ணையில் நடந்தது என்பனவெல்லாம் முதியோர் சிலரின் நினைவிலேயே உள்ளன. ஓங்கோல் உழவரின் வம்சாவளி இருந்த அதே இடத்தில்தான் நம் வம்சாவளியும் இருக்கிறது.

இது வெறும் பெருமைக்கான காரியமும் அன்று. தாராவி மறுசீரமைப்புக்கென வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பணி 2024-இல் தொடங்கியது. 2000 சனவரி முதல் நாளுக்கு முன்னரே இங்கு குடியிருந்தோம் என்பதைத் தாள் கொண்டு மெய்ப்பித்தாலன்றி, தாராவிக்குள்ளேயே விலையின்றி வீடு பெறும் உரிமை இல்லை என்பது விதி. மூன்று தலைமுறை வாழ்ந்தவரும் ஒரு பழைய மின்கட்டணச் சீட்டைத் தேடித் தகரப் பெட்டிகளைக் கவிழ்த்த காட்சியை யாம் கண்டோம். வாழ்ந்தது உண்மை; வியர்வை சிந்தியது உண்மை. எழுத்து மட்டும் இல்லை. எழுத்து இல்லாதவிடத்து உண்மையும் உரியவர் அறியப்படாத சரக்காகிவிடுகிறது.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். சங்க அலமாரியில் தடித்த பேரேடு ஒன்று திறக்கப்படுதல் வேண்டும். குடும்பத்துக்கு ஒரு பக்கம். முதலில் வந்தவர் பெயர், சொந்த ஊர், வந்த ஆண்டு, ஏறி வந்த ரயில், இறங்கிய நிலையம், செய்த முதல் வேலை, தங்கிய முதல் இடம், பிறந்த பிள்ளைகள், அவர்கள் கற்ற கல்வி. தேதி தெரியாவிடில் கிழவி சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுவோம். தேதியைப் பின்னர் கண்டுகொள்ளலாம். ஆண்மக்கள் பெயரோடு நில்லாது, பெண்மக்கள் பெயரும் ஏறுதல் வேண்டும். உபெராபாவின் ஏட்டில் பசுவின் பெயரும் உண்டு என்பதை ஈண்டு நினைவூட்டுகிறோம். இதனைக் கொண்டு சர்க்காரிடம் வழக்காட இயலுமா என வினவுவோர்க்கு, இது சட்டச் சான்றாகாது என்பதை ஒளிவின்றிக் கூறுகிறோம். ஆயினும் எந்தத் தாளை எங்கே தேட வேண்டும் என்பதை இப்பேரேடு காட்டும். நம் பேரப் பிள்ளைகளுக்குத் தாம் யார் என்பதையும் காட்டும்.

எழுதுவதற்கு ஆள் வேண்டுமே என்று கவலற்க. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் எமக்கு ஓய்வு உண்டு, பேனாவும் உண்டு. முதியோரை அழைத்து வருவது இளைஞர் கடன். பேரேட்டின் முதற் பக்கத்துக்கு எம் பாட்டியாரின் அந்த ஒரு வாக்கியத்தையே தருகிறோம். இரண்டாம் பக்கம் உங்களுடையது.

செஞ்சுராமையாவின் காளை, பெயர் எழுதப்பட்டதனால் கடல் கடந்தும் தன் ஊரை இழக்கவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த நாமும் நம் ஊரை இழக்க வேண்டுவதில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!